மழை பெய்யும் இரவில் தூக்கம் வருவதில்லை. எனக்கு விசுவாசம் குறைவா?

மேற்கணக்கு மகள் (இரவு 1.40)

தகரத்தில் மழை விழ ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. மாமி தூங்குகிறார். நான் மட்டும் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) டோர்ச்சோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நேரே மலைச்சரிவு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பக்கத்துக் கணக்கில் (தோட்டப் பிரிவில்) மண் இறங்கியது. நாங்கள் பதினொரு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பினோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இப்போதைக்கு இருக்கலாம், மழை கூடினால் கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் "கவனம்" என்ற சொல்தான் என் தலைக்குள்ளே உட்கார்ந்துகொண்டது. மழை பெய்தால் அரை மணிக்கு ஒரு தரம் எழும்பிப் பின்பக்கம் போய் மண்திட்டுக்கு டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். காலையில் மலைக்குப் போனால் கண் சொருகுகிறது, கொழுந்து நிறுவையில் கிலோ குறைகிறது. இந்த மாதம் நாலு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்). வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதத்துக்கு ஒருதரம்தான் வருவார்.

போன ஞாயிறு சபையில் ஜெபக்குறிப்பாக இதைச் சொன்னேன். "கவலைப்படுவது பாவம் தங்கச்சி, பிசாசுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறீர்கள்" என்று போதகர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரைக்கும் எனக்கு மலையைப் பற்றி மட்டும்தான் கவலை. இப்போது என் விசுவாசத்தைப் பற்றியும் சேர்த்து இரண்டு.

உண்மையாகவே கேட்கிறேன். கர்த்தரை நம்புகிறவர்கள் மழையில் தூங்கிவிடுவார்களா?

ஜெபவீரன்

சகோதரி, பிலிப்பியர் 4:6 "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று சொல்கிறது. ஒன்றுக்கும் என்றால் ஒன்றுக்கும்தான், மலைக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. போதகர் சொன்னது கசப்பாக இருக்கலாம், மருந்தும் கசப்புதான். டோர்ச்சை உள்ளே வையுங்கள். மூன்று நாள் உபவாசம் இருந்து அந்தப் பயத்தின் ஆவியைக் கட்டி ஜெபியுங்கள். நான் அப்படித்தான் ஜெயித்தேன்.

அட்டன் அக்கா

டோர்ச்சை உள்ளே வைக்கச் சொல்கிற தம்பி எந்த மலைக்குக் கீழே படுக்கிறார் என்று தெரிந்தால் நல்லது.

தங்கச்சி, நாங்களும் வேதக்காரர்தான் (கிறிஸ்தவர்தான்), ஆனால் கத்தோலிக்கம். உங்கள் சபை வழக்கம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் சொந்தத் தங்கை கொஸ்லந்தைப் பக்கம் கல்யாணம் செய்து போனவள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியபோது அவள் இருந்தது அடுத்த தோட்டத்தில். அந்தச் சத்தத்தைப் பற்றி இன்றைக்கும் பேசமாட்டாள். மூன்று வருஷம் மழைக்கு எழும்பி உட்கார்ந்தவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் செபமாலை உருட்டினேன். ஒருநாளும் "நம்பிக்கை இல்லாதவளே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேடிக்கை பாருங்கள். கண்டியில் மழையில்லாமல் சனம் தவித்த காலத்தில் புனித யோசேப்பு வாஸ் சுவாமி சந்தியிலே பீடம் வைத்துச் செபித்தார், மழை கொட்டியது, அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லை என்று எங்கள் பாட்டி சொல்வார். நாங்கள் இன்றைக்கு நிற்கச் சொல்லிச் செபிக்கிறோம். கேட்கிற கடவுள் ஒருவர்தான், பாவம் அவர்!

பத்தடி

நான் கோயிலுக்கும் போகிறதில்லை, சேர்ச்சுக்கும் போகிறதில்லை. ஆனால் பிறந்தது லயத்துப் பத்தடிக் காம்பராவில் (அறையில்), அதனால் ஒன்று கேட்கிறேன்.

1823இல் நம் சனத்தை இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார்கள். 2023இல் இருநூறு வருஷம் என்று மேடை போட்டுக் கொண்டாடினோம். இன்னும் சனம் மலைக்குக் கீழே லயத்தில். மீரியபெத்தைக்கு மண்சரிவு எச்சரிக்கை வருஷக்கணக்காக முன்பே வந்திருந்தது, மண் வந்த அன்றைக்கும் சனம் அதே லயத்தில்தான் இருந்தது. இந்தத் தங்கச்சிக்கு வேண்டியது பாதுகாப்பான இடத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு வீடும். "கவலைப்படாதே, கடவுளை நம்பு" என்று சொல்வது யாருக்கு வசதி? கவலைப்படாத சனம் கேள்வியும் கேட்காது.

மட்டுறுத்துநர்

காணி உரிமை பற்றித் தனி இழை இருக்கிறது. ஆனால் பத்தடி சொன்னது இந்தக் கேள்வியோடு ஒட்டியதுதான், அழிக்கவில்லை. கட்சிப் பெயர்கள் மட்டும் வேண்டாம்.

உபதேசியார் பேரன்

பத்தடி, உங்கள் கேள்வி நியாயமானது. "கவலைப்படாதே" என்ற வசனத்தைத் தூக்க மருந்தாகக் கொடுத்தவர்கள் உண்டு. என் தாத்தா தோட்டத்து உபதேசியார். 1854இல் கண்டியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாக வந்த குடும்பம். (ஆமாம், பெயரே அப்படித்தான், கூலி மிஷன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லும்போது பெருமையும் வரும், கூச்சமும் வரும்.)

ஆனால் மத்தேயு 6இல் இயேசு யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். துரைமாரிடம் அல்ல, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத சனத்திடம். அதே மத்தேயு 20இல் கூலிக்கு ஆள் எடுப்பார்களா என்று சந்தையில் நிற்கிறவர்கள் வருகிறார்கள், காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற நம் பிரட்டுக்களத்து மாதிரியே. அப்படிப்பட்ட சனத்தைப் பார்த்துத்தான் மத்தேயு 6இல் "நாளையத்தினம் தன்னுடையவைகளுக்காகக் கவலைப்படும், அந்தந்த நாளுக்கு அதினதின் பாடுபோதும்" என்கிறார். பாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு பாடு இருக்கிறது, அதைச் சுமக்கிறாய், நாளைய கூடையையும் இன்றைக்கே முதுகில் மாட்டாதே என்கிறார். காணிக்காகப் பிரதேச செயலகத்துக்கு நடப்பது இன்றைய பாடு. அதை யாரும் விடச் சொல்லவில்லை.

இப்போது தங்கச்சிக்கு. கவலைப்படுவது பாவம் என்று உங்களுக்குச் சொன்னவர் 2 கொரிந்தியர் 11:28ஐப் படித்திருப்பார், மறந்திருப்பார். "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று அங்கே பவுல் எழுதுகிறார். பிலிப்பியருக்கு "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பவுல், அதே சொல். நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார், அதை மறைக்கவில்லை. கெத்செமனேயில் ஆண்டவருக்கே வியர்வை இரத்தத் துளிகளைப்போல விழுந்தது. அதைப் பிசாசின் வாசல் என்று எந்த மைக்கில் சொல்வது?

எனக்குத் திரும்பத் திரும்பப் பிடித்துப்போகிற ஒரு சொல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம் 94:19, "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது." விசாரம் என்றால் கவலை. 1 பேதுரு 5:7இல் "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." ஒரே வேர். விசாரம் எனக்கு, விசாரிப்பது அவருக்கு. சுகமில்லாமல் படுத்திருக்கும்போது லயத்தில் நாலு பேர் வந்து வாசலில் நின்று விசாரிப்பார்களே, அந்த விசாரிப்பு. வந்தவர்கள் நோயை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. ஆனாலும் அவர்கள் வந்துபோன பிறகு காம்பரா வேறு மாதிரி இருக்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சங்கீதம் 56:3ஐயும் பாருங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு என்று அங்கே எழுதவில்லை.

ஜெபவீரன்

நீங்கள் படித்தவர், அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் புயலில் இயேசு தலையணையில் நித்திரையாயிருந்தார். சீஷர்களை "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று கண்டித்தார். அதையும் சொல்லுங்கள்.

உபதேசியார் பேரன்

சொல்கிறேன். மாற்கு 4இல் வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் அவரை உலுக்கி எழுப்புகிறார்கள். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டுகிறார், கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நம் சபைகளில் பலநேரம் கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறோம், காற்றை யாரும் அதட்டுவதில்லை.

பழைய கணக்கப்பிள்ளை

நான் சைவக்காரன். இந்த இழைக்குள் வர எனக்கு உரிமை உண்டோ தெரியாது, முருகன் கோபிக்கமாட்டான் என்று வருகிறேன்.

மகள், 31 வருஷம் மலையில் நின்றவன் நான். நீங்கள் இருட்டில் டோர்ச் அடித்து என்ன பார்க்கிறீர்கள்? மண் அசையும்போது பார்த்தால் ஓட நேரம் இருக்காது. அந்த டோர்ச்சால் ஆகிற வேலை அது அல்ல. ஒரு போத்தல் செய்யுங்கள்.

பெரிய பிளாஸ்டிக் சோடாப் போத்தல், பக்கம் நேராக உள்ளது. மேல் பாகத்தை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே புனல் மாதிரி செருகுங்கள். அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் கொஞ்சம் சிறு கல் போட்டு, நேரான இடம் தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு. அது பூச்சியம். அதிலிருந்து அடிமட்டத்தை வைத்து மில்லிமீட்டர் கோடுகள். கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியில் வையுங்கள். தினம் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பாக இரு. 100 என்றால் பையைக் கட்டி வாசலில் வை. 150, அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 என்றால் இறங்கிப் போ. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொடுக்கிற கணக்கு இது. ஆனால் போத்தல் மட்டுமே போதாது. நிலத்தில் புது வெடிப்பு, மூடித் திறந்த கதவு திடீரென்று இறுகுவது, நேராக நின்ற மரம் சாய்வது, ஊற்றுத்தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது, இதில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்க்கவே வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. பல நாள் மழையில் ஊறிய மலை என்றால் குறைந்த மழைக்கே இறங்கும், அதையும் மனதில் வை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிக்கலாம்.

லயத்துக்கு மேலே உள்ள கான் (மழைத்தண்ணீர் வடிகால்) அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது யாரும் ஒழுங்காகக் கான் வெட்டுவதில்லை, அதைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

மேற்கணக்கு மகள்

ஐயா, நன்றி. ஆனால் ஒரு சின்னச் சந்தேகம், சிரிக்காதீர்கள். போத்தல் வைத்துத் தூங்கினால் நான் நம்புவது கடவுளையா போத்தலையா?

ஜெபவீரன்

இதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

அட்டன் அக்கா

மழைக்குக் குடை பிடிக்கிறோம், அதற்காகக் குடையைக் கும்பிடுகிறோமா?

உபதேசியார் பேரன்

அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார், நான் இனி நீட்டினால் பிரசங்கமாகிவிடும். ஆனாலும் நீட்டுகிறேன், குடும்ப வியாதி.

"விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" என்று நீதிமொழிகள் 22:3 சொல்கிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டியே சோதித்தவன் யார் என்று ஜெபவீரனுக்குத் தெரியும். ஆண்டவர் "பரீட்சை பாராதிருப்பாயாக" என்று மறுத்துவிட்டார். மலைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு படுத்து, இதுதான் விசுவாசம் என்பது எனக்கு அந்தக் குதியைப் போலத்தான் படுகிறது.

சகோதரி, நீங்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழும்பும்போது மலை விழாமல் பார்த்துக்கொள்வது நீங்கள்தான் என்று உங்கள் உடம்பு நம்புகிறது. அந்த வேலை உங்களுடையதல்ல. உங்கள் வேலை கோட்டைப் பார்ப்பது, பை கட்டி வைப்பது, எச்சரிக்கை வந்தால் ஓடுவது. அதைச் செய்துவிட்டு மிச்சத்தைக் கீழே வைக்கலாம். சங்கீதம் 121, நமக்கெல்லாம் பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிற முதல் வசனம்தான் மனப்பாடம். நாலாம் வசனத்தை மெதுவாகப் படியுங்கள். காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை." ஒருவர் விழித்திருக்கிறார்.

பத்தடி

அப்படியென்றால் மீரியபெத்தையில் அவர் தூங்கினாரா? கேலிக்குக் கேட்கவில்லை.

உபதேசியார் பேரன்

கேலி இல்லை என்று தெரிகிறது. என்னிடம் முழுப் பதில் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று அவரே கேட்டு, இல்லை என்று சொன்னார். விசுவாசம் உள்ளவன் வீட்டில் மண் விழாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மீரியபெத்தையில் மண் விழுந்த அன்றைக்குச் சங்கீதம் 46ஐ எடுத்தேன். மலைகள் சாய்ந்துபோனாலும் பயப்படோம் என்று வரும். சாயாது என்று அதில் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது அண்ணே.

பத்தடி

சரி. தெரியாது என்று சொன்னதற்கு நன்றி. இங்கே அது அபூர்வம்.

நாலாம் வார்டு

நான் ஆஸ்பத்திரியில் தாதி. எல்லோரும் ஆத்துமாவைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் உடம்பைப் பற்றி மட்டும்.

அக்கா, மழை இல்லாத இரவிலும் எழும்புகிறீர்களா? லொறி சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கிறதா? பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்கள் கண்ணுக்குள்ளே திரும்ப ஓடுகிறதா? ஆம் என்றால், இத்தனை மாதம் கழித்தும் அப்படி இருந்தால், ஒரு டொக்டரைப் பார்க்க வேண்டும். பெரிய ஆபத்தைத் தாண்டிய உடம்பு அலாரத்தை அணைக்க மறந்துபோகும். ஆவியும் இல்லை, பாவமும் இல்லை. மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் நடக்கும். வெளியே போக முடியாவிட்டால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அப்புறம் தூக்கமில்லாத ஆளுக்கு உபவாசம் சொல்லாதீர்கள், தயவுசெய்து. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்திருந்து சாப்பிடு என்றான். அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாவது தரமும் சாப்பாடுதான். பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து.

ஜெபவீரன்

உபவாசம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். தூக்கமில்லை என்று எழுதியிருந்ததை ஒழுங்காகப் படிக்கவில்லை. மற்றதில் என் கருத்து அதேதான், ஜெபம் விட்டுவிடாதீர்கள். ஜெபத்தில் நினைக்கிறேன் சகோதரி.

மேற்கணக்கு மகள் (ஆறு நாள் கழித்து)

எல்லோருக்கும் பதில் எழுத முடியவில்லை, டேட்டா முடிந்துபோனது.

போத்தல் செய்துவிட்டேன். முதல் நாள் கோடு போடும்போது மாமி வந்து என்ன இது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இரவில் தூங்காததையும் சேர்த்து. மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொல்கிறார், "நானும் தூங்கல புள்ள. நீ எழும்பிப் போறது தெரியும். கண்ண மூடிக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டுக் கெடப்பேன். நானும் எழும்பினா நீ இன்னும் பயப்படுவேன்னு பேசாம இருந்தேன்."

இத்தனை மாதம் ஒரே காம்பராவில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறோம். இரண்டு பேரும் அழுதோம், பிறகு ரொட்டி சுட்டோம்.

இப்போது முறை போட்டிருக்கிறோம். பலத்த மழை என்றால் பன்னிரண்டு மணிவரை மாமி, அதற்குப் பிறகு நான். பக்கத்துக் காம்பரா அண்ணனும் ஒரு முறை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் திருநீறு பூசுகிறவர், போத்தலைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒன்று செய்துகொண்டார். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாமியின் மருந்து, பைபிள் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பக்கத்தில். மழை குறைவான இரவில் மாமி 121ஐச் சத்தமாக வாசிப்பார், நாலாம் வசனத்தில் நிறுத்தி, "சரி, அவர் முழிச்சிருக்காரு, நீ படு" என்பார். நேற்று நாலு மணிநேரம் ஒரேயடியாகத் தூங்கினேன். முந்தாநாள் ஒன்றரைதான். எழும்பியும் பார்க்கிறேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கிளினிக்குக்கு வியாழன் போகிறேன், அன்றைக்குப் பேர் போகும், பரவாயில்லை.

மைக்கில் சொன்னவரிடம் இன்னும் பேசவில்லை. அது தனிப் பாடு.

அட்டன் அக்கா

வியாழன் வருகிற பஸ் எந்த வழி? அட்டன் என்றால் மெசேஜ் போடுங்கள், நான் கூட வருகிறேன். தேத்தண்ணி என் கணக்கு.

பத்தடி

கான் அடைபட்டிருந்தால் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். கடிதம் எழுத நான் உதவுகிறேன். கடவுளுக்கு இல்லை, பிரதேச செயலகத்துக்கு.

பழைய கணக்கப்பிள்ளை

மகள், வாசிப்பு என்ன? ஆறு நாளாகக் கேட்க ஆசையாக இருக்கிறது.

மேற்கணக்கு மகள்

8, 0, 21, 34, 12 ஐயா. ஆறாவது நாள்தான் கதை. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 92! இரவு பெரிய மழையே இல்லை. எனக்குக் கை கால் ஆடிவிட்டது. பையைத் தூக்கிவிட்டேன், மாமி சின்னவளை எழுப்பிவிட்டார், பக்கத்து அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பார்க்கிறார். அவருடைய போத்தலில் 6.

பெரியவன் கதவுக்குப் பின்னாலிருந்து, "தண்ணி கொறைவா இருந்திச்சி, அதான் ஊத்தினேன்" என்றான்.

போத்தல் இப்போது கோழிக்கூட்டுக் கூரைக்கு மேலே கட்டியிருக்கிறது.